புற்றுக்கு ரத்தம் எங்கால வருது?

ஏஎல் பயோ படிப்பிக்கிற நாங்க எல்லாரும் புற்றுநோயை ஒரே வசனத்தில முடிச்சிடுவம், "கலங்கள் கட்டுப்பாடில்லாம பிரிஞ்சு பெருகிறது" எண்டு. சோதினைக்கு அது காணும், மார்க்ஸும் விழும். ஆனா அந்த வசனத்துக்குள்ள பாதிக் கதைதான் இருக்கு. ஒண்டு ரெண்டாகி ரெண்டு நாலாகி அப்பிடியே பெருகிப் போனா, அந்தக் கட்டிக்கு நடுவில மாட்டுப்பட்டிருக்கிற கலத்துக்கு ஒட்சிசனை ஆர் கொண்டு போய்க் குடுக்கிறது, கழிவை ஆர் வெளிய எடுக்கிறது? இழையத்துக்குள்ள ஒட்சிசன் தானாப் பரவிப் போகக்கூடிய தூரம் 100 இல இருந்து 200 மைக்ரோமீற்றர் வரைக்கும்தான். ஒரு மில்லிமீற்றர்ல பத்தில ஒரு பங்கு, மிஞ்சிப் போனா அஞ்சில ஒரு பங்கு. எங்கட உடம்பில உயிரோட இருக்கிற கலங்கள்ல அநேகமா எல்லாமே ஏதோ ஒரு மயிர்க்குழாய்க்கு அவ்வளவு கிட்டத்தில இருக்கிறதாலதான் உயிரோட இருக்கு. புற்றுக்கலத்துக்கும் இதே சட்டம்தான், அதுக்கெண்டு சலுகை ஒண்டும் இல்ல.

அப்ப பெரிய கட்டி எப்பிடி வருது? இதைத்தான் நான் வகுப்பில பிள்ளைகளிட்ட கேக்கிறது, கன பேர் "கேன்சரே தனக்கு ரத்தக்குழாய் செஞ்சு கொள்ளும் மிஸ்" எண்டு சொல்லுவாங்க. அது அப்பிடி இல்ல. தம்பலகாமத்துப் பக்கம் வயல் செய்யிற வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் இப்பிடிச் சொல்றது: கந்தளாய் குளத்துத் தண்ணி வாற வாய்க்காலை வயல் வெட்டுறதில்ல, கடைசி வயல்காரன் தண்ணி வந்து சேரேல்ல எண்டு சத்தம் போட, வாய்க்காலுக்குப் பொறுப்பான ஆக்கள் வந்து கிளை வெட்டிக் குடுக்கிறாங்க. கட்டியும் சத்தம்தான் போடுது, வெட்டிக் குடுக்கிறது எங்கட சொந்த ரத்தக்குழாயில உள்பக்கம் வரிசையா ஒட்டிக்கொண்டிருக்கிற அகவணிக் கலங்கள். அந்தக் கலங்கள்ல ஒரு பிழையும் இல்ல, விகாரமும் இல்ல, கேட்ட குரலுக்கு வேலை செய்யுது, அவ்வளவுதான்.

இந்த யோசனைக்கு உயிர் குடுத்தவர் ஜூடா ஃபோக்மன் எண்ட அமெரிக்க சத்திரசிகிச்சை நிபுணர். 1960களிட தொடக்கத்தில அவர் கடற்படையில கட்டாய சேவையில இருந்தவர், கப்பல்ல கன நாள் வச்சிருக்கக்கூடிய, ரத்தத்துக்குப் பதிலா பாவிக்கிற ஒரு திரவம் கண்டுபிடிக்கிறதுதான் குடுத்த வேலை. அந்தத் திரவம் இழையத்தை உயிரோட வச்சிருக்குமா எண்டு பாக்க, விலங்குகளிட தைரொயிட் சுரப்பியை வெளிய எடுத்து கண்ணாடிப் பாத்திரத்தில வச்சு அதுக்குள்ள திரவத்தை ஓட விட்டவங்க, பிறகு அந்தச் சுரப்பியில எலியிட புற்றுக்கலங்களைப் போட்டுப் பாத்தவங்க. கலங்கள் வளர்ந்தது, ஆனா ஒரு மில்லிமீற்றர் ரெண்டு மில்லிமீற்றர் அளவுக்கு வந்தோட எல்லாம் அப்பிடியே நிண்டு போச்சு. செத்துப்போச்சோ எண்டு பாத்தா அதுவும் இல்ல, அதே சின்னக் கட்டியை எடுத்து திரும்ப எலிக்குள்ள வச்சவுடன விறுவிறுவெண்டு வளர்ந்து பெரிசாச்சு. எலிக்குள்ள இருக்கிற, ஆனா கண்ணாடிப் பாத்திரத்துக்குள்ள இல்லாத ஒண்டு என்ன எண்டு பாத்தா, புதுசா முளைச்சு வாற ரத்தக்குழாய்.

1971இல அவர் இதை வச்சு ஒரு கட்டுரை எழுதினார். கட்டி வளர புது ரத்தக்குழாய் வேணும், அதைக் கூப்பிட கட்டி ஏதோ ஒரு பொருளைக் கசிய விடுது, அந்தப் பொருளைத் தடுத்தா கட்டியைத் தடுக்கலாம் எண்டு. அந்தக் காலத்தில கன பேர் நம்பேல்ல. கட்டியைச் சுத்தி இருக்கிற சிவப்பெல்லாம் வெறும் அழற்சி எண்டுதான் நினைச்சுக்கொண்டிருந்தாங்க. எனக்கு இந்த மனுசன்ல சரியான மரியாதை. கட்டியை வெட்டி எடுக்கிறப்ப அது எப்பிடி ரத்தம் கக்கும் எண்டு கையால தொட்டு அறிஞ்ச ஆள், ஸ்லைட்ல காய்ஞ்சு போன துண்டை மட்டும் பாத்தவைக்குத் தெரியாத ஒண்டு அவருக்குத் தெரிஞ்சிருந்தது.

அவரிட ஆய்வுக்கூடத்தில செஞ்ச முயல் கண் பரிசோதனையை நான் ஒவ்வொரு பட்ச் பிள்ளைகளுக்கும் சொல்லாம விடுறதில்ல. கண்ணுக்கு முன்பக்கம் தெளிவா இருக்கிற கோர்னியாவில ரத்தக்குழாயே கிடையாது, அதாலதான் வெளிச்சம் உள்ள போகுது. அந்தப் படலத்துக்குள்ள சின்னதா ஒரு பை மாதிரி வெட்டி அதுக்குள்ள ஒரு புற்றுத்துண்டை வச்சா, விளிம்பில இருக்கிற குழாய்கள் முளைவிட்டு, வேற எந்தப் பக்கமும் திரும்பாம அந்தத் துண்டை நோக்கியே வரும். முந்தி அந்த இடத்தில ஒரு குழாய் கூட இல்லாததால, அது முதலே இருந்தது எண்டு ஒருத்தரும் வாதாட ஏலாது.

ஆனா முயல் கண்ணில நடக்கிறதை வச்சு "இந்தப் பொருள்தான் கூப்பிடுது" எண்டு பிடிக்கிறது கஷ்டம். அங்க ஆயிரம் விதமான கலங்கள் இருக்கு. அகவணிக் கலங்களைத் தனிய எடுத்து வளர்க்க வேணும், அதுதான் கன காலமா ஒருத்தருக்கும் சரி வராம இருந்தது. 1973இல நியூயோர்க்கில எரிக் ஜாஃபேயும் கூட வேலை செஞ்சவங்களும் அதுக்கு ஒரு நல்ல வழி சொன்னாங்க. பிள்ளை பிறந்த பிறகு எறியிற தொப்புள்கொடி.

நான் கொஞ்ச காலம் கொழும்பில ஒரு ஆய்வுக்கூடத்தில உதவியாளரா இருந்தப்ப இந்த வேலை செஞ்சிருக்கிறன், அதால இது கொஞ்சம் விரிவாச் சொல்லுவன். தாயிட்ட கையெழுத்து வாங்கி, குளிர் திரவம் நிரப்பின போத்தல்ல கொடி வரும். கையில எடுத்தா வழுக்கும், முறுக்கி இருக்கும். நுனியை கத்தியால நேரா வெட்டிப் பாத்தா மூண்டு ஓட்டை தெரியும், ரெண்டு சின்னது, சுவர் தடிச்சு இறுகி நிக்கிறது நாடி, பெரிசா தொளதொளவெண்டு இருக்கிறது நாளம். அந்த நாளத்துக்குள்ள ஊசிக் குழாயை விட்டு நூலால கட்டி, உள்ள இருக்கிற ரத்தம் போய் தண்ணி தெளிவா வரும்வரைக்கும் கழுவி, பிறகு கொலாஜினேஸ் எண்ட நொதியத்தை நிரப்பி ரெண்டு பக்கமும் அடைச்சு 37 பாகையில கொஞ்ச நேரம் விடுறது. கூட நேரம் விட்டா அடியில இருக்கிற தசைக்கலமும் கழண்டு வந்து எல்லாம் கலந்திடும், குறைய விட்டா ஒண்டும் வராது. வாறதை எடுத்து ஜெலட்டின் பூசின பிளாஸ்க்கில போட்டா அடுத்த நாள் நுணுக்குக்காட்டியில பல்கோணமா ஒண்டோட ஒண்டு ஒட்டி ஒரே படையா நிக்கும், சரியான வடிவா இருக்கும் பாக்க. ஆனா ஆறேழு தரம் பிரிச்சு பிரிச்சு வளர்த்தா அதுகள் மெல்ல மெல்ல குணம் மாறத் தொடங்கும், அதுக்குப் பிறகு வாற முடிவுகளை நான் நம்பமாட்டன்.

தொப்புள்கொடி நாளம் பெரிய குழாய். கட்டிக்குள்ள வாறது மயிர்க்குழாய். மயிர்க்குழாயிட அகவணிக் கலங்களை கன நாளைக்கு வளர்க்கிறது இன்னும் கஷ்டமா இருந்தது, 1979இல ஃபோக்மன் ஆக்கள் அதைச் செஞ்சு காட்டினாங்க, எப்பிடி எண்டா புற்றுக்கலங்கள் வளர்ந்த மீடியத்தை, அதாவது கலங்களுக்குச் சாப்பாடா ஊத்தி வைக்கிற திரவத்தை, எடுத்து அதுகளுக்கு ஊத்தி. அடுத்த வருஷமே, 1980இல, அப்பிடி வளர்ந்த கலங்கள் டிஷ்ஷுக்குள்ளேயே உள்ளுக்கு வெறுமையான குழாய்களைக் கட்டினதை வெளியிட்டாங்க. உடம்பு இல்ல, இதயம் இல்ல, ஓட்டுறதுக்கு ஒரு துளி ரத்தமும் இல்ல, ஆனாலும் குழாய் வந்தது!

இந்த மீடியம் விசயத்தைக் கொஞ்சம் நிண்டு யோசிக்க வேணும், ஏனெண்டா முழு விளக்கமும் இதுக்குள்ளதான் இருக்கு. புற்றுக்கலங்களை ஒரு பிளாஸ்க்கில ரெண்டொரு நாள் வளர விடுறது, பிறகு அந்த மீடியத்தை மட்டும் உறிஞ்சி எடுத்து, சுத்தி, நுண்ணிய வடிகட்டியால வடிச்சு, ஒரு கலம் கூட இல்லாம ஆக்கிறது. இப்ப கையில இருக்கிறது வெறும் மெல்லிய நிறத்தில ஒரு தண்ணி. அதை அகவணிக் கலங்களுக்கு மேல ஊத்தினா அதுகள் கூடுதலாப் பிரியும், இடம்பெயரும், நீளும், குழாய் கட்டும். அப்ப கட்டி தொட்டுச் செய்யிற வேலை இல்ல இது, தண்ணியில கரைஞ்சு போற ஒரு பொருளால செய்யிற வேலை. கரையிற பொருள் எண்டா அதைப் பிரிச்செடுக்கலாம், அளக்கலாம், அடைக்கவும் செய்யலாம்.

இப்ப லேப்ல எல்லாரும் செய்யிறது மேட்ரிஜெல்லில குழாய் கட்ட விடுறது. மேட்ரிஜெல் எண்டது எலியில வாற ஒரு வகைப் புற்றில இருந்து எடுக்கிற புரதக் கலவை, குளிரில தண்ணி, சூட்டில இறுகிப் போகும். அதால ஐஸுக்கு மேல வச்சுத்தான் வேலை, பிப்பெட் டிப்பைக் கூட முதலே ஃப்ரிட்ஜ்ஜில வைக்க வேணும், கை சுணங்கினா டிப்புக்குள்ளேயே இறுகி காசு போச்சு. இறுகின பிறகு அதுக்கு மேல கலங்களைப் போட்டு இன்கியூபேட்டர்ல வச்சிட்டு வந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போய்ப் பாத்தா, உருண்டையா இருந்த கலங்கள் கால் நீட்டத் தொடங்கியிருக்கும். நாலஞ்சு மணித்தியாலத்தில ஒண்டு மற்றதைத் தேடிப் பிடிச்சு கோடா நிக்கும், பின்னேரம் முழு டிஷ்ஷும் கண்ணி கண்ணியா வலை. அடுத்த நாள் விடிய வந்து பாத்தா பாதி உடைஞ்சு சுருங்கிப் போயிருக்கும். எந்த நேரத்தில படம் எடுத்தது எண்டதே முடிவை மாத்தும், அதால கட்டுரை வாசிக்கிறப்ப நான் முதல் தேடுறது நேரத்தைத்தான்.

இன்னொண்டும் சொல்ல வேணும். மேட்ரிஜெல்லுக்குள்ளேயே வளர்ச்சிக் காரணிகள் கிடக்கு, ஒண்டும் சேர்க்காட்டியும் கலங்கள் கொஞ்சம் வலை கட்டும். அகவணி அல்லாத சில கலங்களும் அதில கோடு கோடா நிக்கும். "இந்த மூலிகைச் சாறு ரத்தக்குழாய் வளர்ச்சியைத் தடுக்குது, அதால கேன்சருக்கு மருந்து" எண்டு ஒரு வடிவான படத்தை மட்டும் போட்டுவிட்டு ஆராவது எழுதினா, கட்டுப்பாட்டு டிஷ் எங்க, அந்தச் சாறு கலங்களைச் சும்மா சாகடிச்சதா இல்ல உண்மையிலயே குழாய் கட்டுறதைத்தான் நிப்பாட்டினதா எண்டு கேளுங்க. கலத்தைக் கொல்ல ப்ளீச் ஊத்தினாலும் காணும்.

சரி, அந்தப் பொருள் என்ன? 1983இல ஹரால்ட் டிவோராக்கிட ஆய்வுக்கூடத்தில டொனால்ட் செங்கர் ஆக்கள், கட்டிகள் கசிய விடுற ஒரு புரதம் ரத்தக்குழாய்களை ஒழுக வைக்குது எண்டு கண்டுபிடிச்சாங்க. அடுத்த வருஷம் பொஸ்டன்ல ஃபோக்மன் ஆக்கள் வேற ஒரு வளர்ச்சிக் காரணியை ஒரு புற்றில இருந்து பிரிச்சு எடுத்தாங்க. 1989இல நப்போலியோனே ஃபெராரா அகவணிக் கலங்களை மட்டும் பெருக வைக்கிற ஒரு புரதத்தைத் தனியாக்கினார், விஇஜிஎஃப் எண்டு பேர் வச்சது அதுக்குத்தான். அவருக்கு அது கிடைச்சது புற்றில இருந்து இல்ல, மாட்டிட கபச் சுரப்பிக் கலங்கள் வளர்ந்த மீடியத்தில இருந்து! பிறகு பாத்தா செங்கர் கண்டுபிடிச்ச ஒழுக வைக்கிற புரதமும் இதுவும் ஒண்டுதான். கட்டி தனக்கெண்டு புதுசா ஒரு மொழி கண்டுபிடிக்கேல்ல. காயம் ஆறுறப்ப, கருவில பிள்ளை வளர்றப்ப, மாசாமாசம் கருப்பைச் சுவர் திரும்பக் கட்டுப்படுறப்ப உடம்பு பாவிக்கிற அதே சொல்லைத்தான் அது எடுத்துப் பாவிக்குது. வித்தியாசம் என்னெண்டா காயம் ஆறினவுடன வாய் மூடும், கட்டி மூடாது.

எப்ப சத்தம் போடுறது எண்டு கலத்துக்கு எப்பிடித் தெரியும்? மூச்சு முட்டுறப்ப. 1992இல, ஒட்சிசன் குறைஞ்சா கலங்கள் விஇஜிஎஃப்பைக் கூட்டிச் செய்யும், கட்டிக்குள்ள செத்துப்போன பகுதிக்கு ஓரத்தில இருக்கிற கலங்கள்தான் அதைக் கூடுதலாச் செய்யுது எண்டு காட்டினாங்க. உள்ள நடக்கிறது இது: ஹிஃப் எண்டு ஒரு புரதத்தை கலம் எப்பவும் செஞ்சுகொண்டே இருக்கும், ஒட்சிசன் இருக்கும்வரை அதில ஒரு குறி விழும், குறி விழுந்ததை உடனுக்குடன உடைச்சு எறிஞ்சிடும். ஒட்சிசன் இல்லாட்டி குறி விழாது, ஹிஃப் தங்கும், கருவுக்குள்ள போய் விஇஜிஎஃப் ஜீனைத் திறக்கும். இதைக் கண்டுபிடிச்ச செமென்சா, ராட்க்ளிஃப், கேலின் மூண்டு பேருக்கும் 2019இல நோபல் பரிசு. லேப்லயும் இதைப் பாக்கலாம், வளர்ப்பை 1 வீத ஒட்சிசன்ல வச்சு எடுத்த மீடியம் சாதாரண காற்றில வச்சதை விட அகவணிக் கலங்களை நல்லா உசுப்பும்.

இங்க திருகோணமலையில இதைப் பற்றி நான் எழுதிறதுக்கு ரெண்டு காரணம் இருக்கு.

ஒண்டு, எங்கட ஒழுங்கையில ஒரு ஐயா. வெத்திலை பாக்கு போடுற ஆள், வாய்ப்புற்று. இலங்கையில ஆம்பிளைகளுக்கு வாற புற்றில வாய்ப்புற்றுதான் முன்னுக்கு நிக்குது, பாக்கே புற்றை உண்டாக்கும் எண்டு உலக சுகாதார அமைப்பிட புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் கன காலத்துக்கு முதலே சொல்லிட்டுது. ஐயாவிட மகனுக்கு ஆரோ அனுப்பின வீடியோவில "சாப்பாட்டை நிப்பாட்டினா கேன்சர் பட்டினியில சாகும்" எண்டு இருந்திருக்கு, அதை நம்பி சோறு நிப்பாட்டி, பால் நிப்பாட்டி, ஏதோ இலைச்சாறும் தண்ணியும் மட்டும் குடுத்துக்கொண்டிருந்தாங்க. நான் போய்ப் பாத்தப்ப தோள் எலும்பு துருத்திக்கொண்டு நிண்டது. எனக்கு வந்த கோவம் கொஞ்சநஞ்சம் இல்ல. கட்டிக்குப் பசிச்சா அது சும்மா இருக்காது, விஇஜிஎஃப்பைக் கசிய விட்டு குழாயைக் கூப்பிடும், ரத்தத்தில இருக்கிறதை எடுத்துக்கொள்ளும். பட்டினியில கரையிறது மனுசனிட தசை. மருந்தையும் கதிர்ச் சிகிச்சையையும் தாங்க அந்த உடம்பில தெம்பு வேணும். மகனுக்கு இதே டிஷ், மீடியம் கதையைத்தான் சொன்னன், திண்ணையில இருந்து, விளங்கும்வரைக்கும். அண்டைக்கே கஞ்சி வச்சாங்க.

மற்றது என்ட அம்மா. கன வருஷமா சீனி வருத்தம், விழித்திரையில ரத்தம் கசிஞ்சு பார்வை மங்கி, கண் டொக்டர் கண்ணுக்குள்ள ஊசி போட வேணும் எண்டு சொன்னவர். பக்கத்து வீட்டு அக்கா மருந்திட பேரை ஃபோன்ல தேடி "இது கேன்சருக்குக் குடுக்கிற மருந்தாமே" எண்டு சொல்லிப்போட்டா. அண்டு இரவு அம்மா விளக்கை நிப்பாட்டிப்போட்டு இருட்டில இருந்து கேட்டவ, "பிள்ள, எனக்கு என்ன வருத்தம் எண்டு மறைக்காமச் சொல்லு." பத்திரகாளி அம்மனுக்கு நேர்த்தியும் வச்சிட்டா அதுக்குள்ள. அம்மா, உங்களுக்குப் புற்று இல்ல, சீனியால கண்ணுக்குள்ள சின்னக் குழாயெல்லாம் அடைபட்டுப் போக விழித்திரைக்கு மூச்சு முட்டி அது குழாய் கேட்டுச் சத்தம் போடுது, அவசரத்தில வாற குழாய் பலமில்லாமக் கசியுது, இந்த ஊசி அந்தச் சத்தத்தை அடக்கிறது எண்டு சொன்னன். கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு, "அப்ப சீனியைத்தான் முதல் அடக்க வேணும்" எண்டா. அதுதான் சரியான பதிலும்.

அந்த மருந்து பெவாசிசுமாப். விஇஜிஎஃப்பைப் பிடிச்சுக் கட்டிப்போடுற ஒரு பிறபொருளெதிரி. 2004இல அமெரிக்காவில பரவின பெருங்குடல் புற்றுக்கு அனுமதி கிடைச்சது. ஃபோக்மன் அதைக் கண்ணால கண்டவர், 2008இல காலமானார். ஆனா எவ்வளவு உதவினது எண்டதை நேர்மையாச் சொல்ல வேணும், அந்த முக்கிய ஆய்வில கீமோ மட்டும் எடுத்த ஆக்களிட இடைநிலை ஆயுட்காலம் 15.6 மாசம், இதையும் சேர்த்து எடுத்தவங்களுக்கு 20.3 மாசம். அஞ்சு மாசம் ஒரு குடும்பத்துக்குச் சின்ன விசயம் இல்ல, ஆனா குணமும் இல்ல. மார்புப் புற்றுக்குக் குடுத்த அனுமதியை அமெரிக்காவில 2011இல திரும்ப எடுத்திட்டாங்க.

டிஷ்ஷில அவ்வளவு சுத்தமா வேலை செய்யிறது ஆளுக்குள்ள ஏன் இப்பிடி? டிஷ்ஷில ஒரு குரல், ஒரு வகைக் கலம். ஆளுக்குள்ள விஇஜிஎஃப்பை அடைச்சா கட்டி வேற காரணிகளை வச்சுக் கூப்பிடும், இல்லாட்டி ஏற்கனவே அங்க இருக்கிற குழாயைப் பிடிச்சுக்கொண்டு அதோட ஓரமா வளரும், புதுசு தேவையில்ல. கட்டிக்குள்ள வாற குழாயும் கோணலும் மாணலுமா, ஒழுகிக்கொண்டு, சில இடத்தில ரத்தம் ஓடாம நிக்கிறது. ராகேஷ் ஜெயின் எண்ட இந்திய வம்சாவளி விஞ்ஞானி 2001இல இதைத் தலைகீழாப் பாத்தார், அளவா அடைச்சா குழாய்கள் கொஞ்ச காலத்துக்கு ஒழுங்காகும், அந்த நேரத்தில கீமோ மருந்து நல்லா உள்ள போகும் எண்டு. மருந்து உள்ள போறதே குழாயாலதான் எண்டதை யோசிச்சா, முழுசா அழிக்கிறது எப்பவும் நல்லதில்ல எண்டது விளங்கும். விஇஜிஎஃப் நோயெதிர்ப்புக் கலங்களையும் மந்தமாக்கும் எண்டதால இப்ப அதை அடைக்கிற மருந்தையும் நோயெதிர்ப்பை உசுப்புற மருந்தையும் சேர்த்துக் குடுக்கிறாங்க, 2020இல ஈரல் புற்றுக்கு பெவாசிசுமாப்பை அட்டிசோலிசுமாப் எண்ட நோயெதிர்ப்பு மருந்தோட சேர்த்து அப்பிடி அனுமதி வந்தது.

லேப்பும் மாறுது. இப்ப சின்ன சிலிக்கோன் சிப்புக்குள்ள வாய் வச்ச குழாய், அதுக்குள்ள திரவம் ஓட்டம், ஒரு பக்கம் புற்றுக்கலம், மற்றப் பக்கம் அகவணிக் கலம், நடுவில ஜெல் எண்டு வச்சு முளை வாறதை நேரடியாப் பாக்கிறாங்க. முளையிட நுனியில ஒரு கலம் மட்டும் முன்னுக்குப் போய் விஇஜிஎஃப் எங்கால வருது எண்டு தேடும், பக்கத்தில இருக்கிறதுகளை "நீ பின்னால நில்" எண்டு நிப்பாட்டும், அதுகள் பெருகித் தண்டை நீட்டும். மேட்ரிஜெல் வலையில இந்த ஒழுங்கு தெரியாது, அதாலதான் எனக்கு சிப்பில கூட நம்பிக்கை.

உங்கட வீட்டில ஆராவது இந்த வகை மருந்தைப் புற்றுக்காக ஏத்திக்கொண்டிருந்தா, ஒண்டு கவனமா இருங்க. காயம் ஆறுறதும் இதே விஇஜிஎஃப்பாலதான், அதால பல்லுப் பிடுங்கிறதுக்கோ ஒப்பரேஷனுக்கோ போக முதல் அந்த டொக்டரிட்ட இந்த மருந்து எடுக்கிறம் எண்டு கட்டாயம் சொல்லுங்க, பெரிய ஒப்பரேஷன் எண்டா குறைஞ்சது 28 நாளுக்கு முதலே நிப்பாட்டுறது வழமை. பிரஷர் கூடும், அதைப் பாத்துக்கொண்டே இருங்க, சிறுநீர்ல புரதம் போகுதா எண்டும் சோதிப்பாங்க. கடுமையான வயித்துக்குத்து, நிக்காத ரத்தம் எண்டா விடியும்வரைக்கும் பாத்துக்கொண்டிருக்காம உடன ஹொஸ்பிட்டலுக்குக் கொண்டு போங்க.